தலைக்கு மேல் ஒரு சிக்கல்

கேள்வி: நியூயார்க் பென் ஸ்டேஷனைச் சீரமைக்க இத்தனை வருடமாக விவாதம் நடக்கிறதே, ஒரு ரயில் நிலையத்தில் அப்படி என்ன சிக்கல்?
(வாசகர், கோவை)

பதில்: சிக்கல் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. 1910-ல் திறந்த பழைய நிலையம் பெருந்தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக அரண்மனை போல இருந்தது. பணமுடையில் சிக்கிய ரயில் கம்பெனி, தண்டவாளத்துக்கு மேலிருந்த இடத்தைக் காசாக்கப் பார்த்தது. 1963-ல் இடிப்பு ஆரம்பம். 1968-ல் அங்கே மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் வந்தது. ரயில்கள் முன்பே தரைக்கு அடியில்தான் ஓடின. பயணிகளும் கீழே போனார்கள்.

இடித்ததால் ஒரு நன்மை உண்டு. இடிப்பைக் கண்டு எழுந்த கோபத்தில் 1965-ல் பிறந்த பாரம்பரியக் கட்டடச் சட்டம்தான் பின்னாளில் அதே நகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தைக் காப்பாற்றியது.

பென் ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த பழைய அஞ்சலகத்தை மாற்றி 2021-ல் திறந்த மொய்னிஹான் கூடம் அழகுதான். ஆனால், ரயிலேறும் நடைமேடைகள் அதே குறுகல் நடைமேடைகள். அரங்கத்தைத் தாங்கும் தூண்கள் அங்கேதான் இறங்கி நிற்கின்றன.

அரங்கத்தை வேறிடத்துக்கு மாற்றுவது பெரிய செலவு. ஆனாலும் அதைத் தொடாமல் செய்யும் எந்தச் சீரமைப்பும் பாதிச் சீரமைப்புதான்.