தீவுக்கு வந்த அந்நிய முதலீடு: மொரீஷியஸின் பேரேட்டைப் புரட்டுவோம்

அந்நிய முதலீடு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், நம் கடைவீதியில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். வந்தால் நாடு செழிக்கும் என்பார் ஒருவர். வந்தால் நாம் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்பார் அடுத்தவர். 2012-இல் பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி தந்ததும், தமிழக அரசு அதை இங்கே ஏற்கமாட்டோம் என்று அறிவித்ததும் நம் உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் வாதத்தோடு நிற்காமல், அந்நியப் பணத்தை வாசல் திறந்து வரவேற்ற ஒரு சின்ன நாட்டின் வரவு செலவை எடுத்து வைத்துப் படிப்பது நமக்குப் பயன் தரும் என்று எண்ணுகிறோம். அதற்கு மொரீஷியஸைத் தேர்ந்தெடுத்தோம்.

இந்துமாக் கடலில் உள்ள அந்தத் தீவு நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. நம்மவர் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு. பரப்பளவில் முதன்மைத் தீவு நமது கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. மக்கள் தொகை சுமார் 12 லட்சத்துக்கு மேல். ஒரு மாவட்டத்தை மட்டும் தனி நாடாக்கி, 'உனக்கு வேண்டிய அரிசி, எண்ணெய், டீசல், துணி எல்லாவற்றையும் நீயே பணம் கொடுத்து வாங்கிக்கொள்' என்று விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் 1968 மார்ச் 12-இல் சுதந்திரம் பெற்றபோது மொரீஷியஸின் நிலை.

ஒரே சரக்கு வைத்த கடை

அன்று அவர்களிடம் விற்பதற்கு இருந்தது சர்க்கரை ஒன்றே. ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும்பகுதி கரும்பிலிருந்துதான் வந்தது. ஒரு புயல் அடித்தால் விளைச்சல் போயிற்று. உலகச் சந்தையில் விலை சரிந்தால் வருமானம் போயிற்று. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1961-இல் அத்தீவைப் பற்றி அறிக்கை தந்தபோது, பெருகும் மக்கள் தொகைக்கு அங்கே பிழைப்பு கிடைப்பது கடினம் என்றே கருதினார்.

சொந்த மக்களை நம்பித் தொழில் தொடங்க முடியாதா என்று கேட்கலாம். ஒரு சோப்புத் தொழிற்சாலை லாபத்தில் ஓட வேண்டுமென்றால் குறைந்தபட்ச உற்பத்தி என்று ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவைச் செலவழிக்கும் வாடிக்கையாளர்கள் அந்தத் தீவில் இல்லை. ஆகவே சின்னத் தீவுக்கு வெளிச்சந்தை வேண்டும். வெளிச்சந்தைக்கு இயந்திரம் வேண்டும், தொழில் நுணுக்கம் வேண்டும், வாங்குவோரோடு பழக்கம் வேண்டும். மூன்றும் வெளியில்தான் இருந்தன.

1970-இல் அவர்கள் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்தார்கள. தைவான் போன்ற நாடுகளைக் கண்டு வந்து இந்த யோசனையைச் சொன்னவர் பேராசிரியர் எட்வார்ட் லிம் ஃபாட். அந்தத் தீவின் சீன வம்சாவளியைச் சேர்ந்தவர். மண்டலம் என்றால் வேலி போட்ட ஓர் இடம் என்று பொருளல்ல; தீவில் எங்கே தொழிற்சாலை வைத்தாலும், ஏற்றுமதிக்கு உற்பத்தி செய்தால் சலுகை. இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் சுங்க வரி இல்லை. பல ஆண்டுகளுக்கு லாப வரி விலக்கு. லாபத்தை வெளியே எடுத்துச் செல்லத் தடையில்லை.

வந்தவர்கள் பலர் ஹாங்காங் ஆடை உற்பத்தியாளர்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும், பின்னால் ஏன் போனார்கள் என்பதற்கும் விடை அதில்தான் இருக்கிறது. அக்காலத்தில் பல இழை ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின்படி, எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்திருந்தன. ஹாங்காங்கின் கோட்டா நிரம்பிவிட்டது. மொரீஷியஸுக்கோ 1975-இன் லோமே உடன்படிக்கையால் ஐரோப்பியச் சந்தையில் சுங்கமின்றி நுழைய வழி இருந்தது. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் போகப் போகிறது என்ற கலக்கமும் 1980-களில் சேர்ந்துகொண்டது. ஆகவே அவர்கள் மொரீஷியஸின் அழகைப் பார்த்து வரவில்லை. அதன் கோட்டாவைப் பார்த்து வந்தார்கள்.

வரவுப் பக்கம்

வரவை முதலில் நேர்மையாக எழுதிவிடுவோம். 1980-களின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலைமை. அந்தப் பத்தாண்டின் முடிவில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் மட்டும் 90 ஆயிரம் பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதுவரை கரும்புத் தோட்டக் கூலியையே நம்பியிருந்த குடும்பத்துக்கு இரண்டாவது சம்பளம் வந்தது. 1980-களின் நடுவில் ஆடை முதலான தொழிற்பொருள்களின் ஏற்றுமதி சர்க்கரையைத் தாண்டியது.

இன்னொரு வரவு பேரேட்டில் எளிதில் தெரியாது. உள்ளூர்ச் சர்க்கரை முதலாளிகளும் வந்தவர்களைப் பார்த்துத் தொழில் கற்றுத் தாங்களும் ஆடைத் தொழிற்சாலை வைத்தார்கள். அதற்கான முதல், ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சர்க்கரையில் மிஞ்சியது. 1990-களில் அவர்களே பக்கத்து மடகாஸ்கரில் போய்த் தொழிற்சாலை திறக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். கடையில் வேலைக்கு நின்ற பையன் தொழில் கற்றுத் தனிக்கடை போடுவதை நாம் கண்டதில்லையா? அதே கதைதான்.

பற்றுப் பக்கம்

இப்போது மறுபக்கம். ஒரு சட்டைக் கணக்கைப் பார்ப்போம். புரிவதற்காக நாமே போட்ட கணக்கு இது, தீவின் புள்ளிவிவரம் அல்ல. 100 ரூபாய்க்குச் சட்டை ஏற்றுமதி ஆகிறது. துணி, நூல், பொத்தான் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை: அதற்கு 60 ரூபாய். தொழிலாளர் கூலி 20. மின்சாரம், வாடகை, லாரி 8. முதலாளியின் லாபம் 12. அது ஊருக்குத் திரும்பிப் போகிறது, வரியும் இல்லை. செய்தித்தாளில் '100 ரூபாய் ஏற்றுமதி' என்று வரும். தீவில் தங்கியது 28 ரூபாய். விற்றுமுதலை லாபமாக எண்ணிக்கொள்ளும் புதுக் கடைக்காரரின் தவறை நாடுகளும் செய்வதுண்டு.

கூலியிலும் ஒரு வருத்தம் உண்டு. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி விதிக்கப்பட்டிருந்தது. கூடுதல் நேர வேலைக்கான விதிகளும் மண்டலத்துக்குத் தனியாக, முதலாளிக்குச் சாதகமாக இருந்தன. பின்னாளில் உள்ளூரார் அந்த வேலைக்கு வரத் தயங்கியபோது சீனாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தொழிலாளரை வரவழைத்தார்கள்.

2004 டிசம்பர் 31-உடன் கோட்டா ஏற்பாடு முடிந்தது. கோட்டாவுக்காக வந்தவர்களுக்கு அதன் பிறகு அங்கே என்ன வேலை? சீனாவில் தைத்தால் மலிவு. ஹாங்காங் முதலாளிகள் ஒருவர் பின் ஒருவராக இயந்திரங்களைக் கழற்றினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள். அதே சமயத்தில் ஐரோப்பாவும் சர்க்கரைக்குக் கொடுத்து வந்த விலையை 2006 முதல் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தது. இரண்டு தூணும் ஒரே நேரத்தில் ஆடின. நின்று தாக்குப்பிடித்தவை பெரும்பாலும் உள்ளூரார் முதல் போட்ட ஆலைகள்தாம். அவர்களுக்கு வீடும் நிலமும் அங்கே இருந்தன. கழற்றிக்கொண்டு போக வேறு ஊர் இல்லை.

பெட்டிக்கடை நோட்டு

நம் உறுப்பினர்கள் அறிய விரும்புவது, அங்கே மளிகைக்கடைக்காரர் என்ன ஆனார் என்பதாகத்தான் இருக்கும். மொரீஷியஸின் கிராமங்களில் மளிகை வியாபாரம் பெரிதும் சீன வம்சாவளியினர் கையில் இருந்தது. 'சீனன் கடை' என்றே அவர்களது கிரியோல் பேச்சில் பெயர். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்புக் கருவாடு எல்லாம் நோட்டில் எழுதிக் கடனுக்குத் தருவார். தோட்டத்தில் கூலி வந்ததும் கணக்குத் தீர்ப்பார்கள். வேலை குறைந்த மாதங்களில் அந்த நோட்டுத்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. நம் அண்ணாச்சி கடைக்கும் அதற்கும் மொழி தவிர வேறு வேறுபாடு இல்லை.

ஆடைத் தொழிற்சாலைகள் வந்தபோது இந்தக் கடைகளுக்கு முதலில் நல்ல காலம். கையில் மாதச் சம்பளம் புரண்டது. கடன் குறைந்தது, ரொக்க விற்பனை கூடியது. ஆனால் அதே சம்பளம் பின்னர் வீட்டுக்குக் குளிர்பெட்டியையும் வாகனத்தையும் கொண்டு வந்தது. பிரெஞ்சுப் பெயர்ப்பலகையோடும், உள்ளூர்க் குழுமங்களின் பெயரோடும் பெரிய அங்காடிகள் வந்தன. வாகனம் உள்ளவர் மாதச் சாமானை அங்கே வாங்கி, பாதியில் தீர்ந்த தீப்பெட்டிக்கு மட்டும் தெருமுனைக் கடைக்கு வந்தார். கடைக்காரரின் பிள்ளைகளும் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். இன்றும் சில கடைகள் இருக்கின்றன. முன்பிருந்த எண்ணிக்கை இல்லை. அந்நிய முதலீடு நேராக வந்து அந்தக் கடைகளை மூடிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் வாழ்க்கையை அது மாற்றியது. மாறிய வாடிக்கையாளர் கடையை மாற்றிக்கொண்டார். அரசு வணிகக் கழகம் ரேஷன் அரிசியையும் மாவையும் தானே இறக்குமதி செய்து கட்டுப்பாட்டு விலையில் தருவதால், சிறு கடையிலும் பெரிய அங்காடியிலும் அந்தச் சரக்கு ஒரே விலைக்குக் கிடைப்பது சிறியவர்களுக்கு ஒரு சிறு பாதுகாப்பு.

காகிதத்தில் வந்து போகும் பணம்

தொழிற்சாலைக்குப் பிறகு அவர்கள் பிடித்தது நிதித் தொழில். இதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1982-இல் இரு நாடுகளும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. போர்ட் லூயியில் பதிவான கம்பெனி இந்தியப் பங்குகளை விற்று லாபம் பார்த்தால், வரி மொரீஷியஸில்தான். அங்கேயோ அந்த லாபத்துக்கு வரி கிடையாது. ஆக இரண்டு இடத்திலும் இல்லை. 2000-க்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சின்னத் தீவின் பெயரில் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். அதனால் அங்கே கணக்கர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வங்கிகளுக்கும் வேலை கிடைத்தது. நம் கஜானாவுக்கு இழப்பு.

2016 மே 10-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்படும் பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி போடலாம் என்றாயிற்று. ஒரே மொத்த வாடிக்கையாளரை நம்பிக் கிடங்கு கட்டியவருக்கு, அந்த வாடிக்கையாளர் ஒரு நாள் 'இனிமேல் இந்த விலைக்கு வேண்டாம்' என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது போர்ட் லூயிக்கு.

இப்போது அங்கே வரும் அந்நியப் பணத்தில் பெரும்பகுதி கடற்கரை மாளிகைகளுக்குப் போகிறது. 2002 முதல் வெளிநாட்டார் குறிப்பிட்ட திட்டங்களில் வீடு வாங்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் குடியிருப்பு உரிமையும் உண்டு. எங்களுக்கு இது அவ்வளவாக உவப்பில்லை. தொழிற்சாலை ஆண்டுதோறும் கூலி தரும். விற்ற நிலம் ஒரே முறைதான் பணம் தரும். கட்டும்போது கொத்தனாருக்கு வேலை, பிறகு காவல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் வேலை. அக்கம்பக்கத்து நிலவிலையோ உள்ளூர் இளைஞர் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

சுற்றுலாவின் கதையை 2020 காட்டிக்கொடுத்தது. 2019-இல் சுமார் 13.8 லட்சம் பயணிகள் வந்தார்கள். கொரோனாவால் எல்லை மூடியதும் 2020-இல் அது 3.1 லட்சம் அளவுக்கும், 2021-இல் 1.8 லட்சம் அளவுக்கும் இறங்கியது. போதாக்குறைக்கு 2020 ஜூலையில் வகாஷியோ என்ற கப்பல் பவளப்பாறையில் மோதி எண்ணெய் கசிந்தது. டாலர் வரத்துக் குறைந்ததால் அவர்களது ரூபாய் சரிந்தது. 2020 தொடக்கத்தில் டாலருக்கு 37 அளவில் இருந்தது, 2022-இல் 44-ஐத் தொட்டது. உணவுப் பொருளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் இதன் பொருள் என்னவென்று மளிகைக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் விலை ஏறிக்கொண்டே போகும். பழைய விலைக்கு விற்றவர் மறு கொள்முதலுக்குப் பணம் போதாமல் திண்டாடுவார்.

ஒப்பந்தத்தை முறித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மாலத்தீவு தன் விமான நிலையத்தை 2010-இல் ஓர் இந்திய நிறுவனத்திடம் ஒப்படைத்து, 2012-இல் அரசு மாறியபின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நடுவர் மன்றம் வரை போய், 2016-இல் சுமார் 27 கோடி டாலர் நஷ்டஈடு கட்டியது. சிறு நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அவசரத்தில் கையெழுத்துப் போடுவதும் ஆத்திரத்தில் கிழிப்பதும் ஒரே அளவு செலவு வைக்கின்றன.

நம் உறுப்பினர்களில் மசாலாப் பொடி, அப்பளம், ஊறுகாய் ஏற்றுமதி செய்வோருக்கு ஒரு செய்தி. இந்தியாவும் மொரீஷியஸும் செய்துகொண்ட விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவிலிருந்து செல்லும் 310 வகைப் பொருள்களுக்கு அதில் சலுகை. உணவுப் பொருள்களும் பானங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் சரக்கின் சுங்கக் குறியீட்டு எண் பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், சரக்கு இந்தியாவில் உற்பத்தியானது என்பதற்கான மூலச் சான்றிதழைக் கப்பலில் ஏற்றும் முன்பே வாங்கிவிடுவது நல்லது.