கைத்தையல் பாடம்: குழந்தைக்கு ஒரு துணி முயல்



ஆஷூரா நோன்பு நாளில் மதீனாவின் வீடுகளில் நடந்த ஒரு வழக்கத்தை ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்று பெரியவர்கள் தங்கள் சிறு பிள்ளைகளையும் நோன்பு நோற்க வைப்பார்கள். அவர்களுக்காகக் கம்பளியால் ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்து வைத்திருப்பார்கள். பசியில் அழும் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை சமாதானப்படுத்துவார்கள். இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. "குதிரைக்கு இறக்கையா?" என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இது அபூதாவூதில் வருகிறது.

கம்பளித் துண்டிலும் கந்தல் துணியிலும் செய்த பொம்மைக்கு ஸஹாபாக்களின் வீட்டில் இடம் இருந்தது. இந்த அறிவிப்புகளை வைத்தே, சிறுவர் விளையாடும் பொம்மைகளுக்குப் பெரும்பாலான இமாம்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். முகம் வரையாமல் விடுவதே பேணுதல் என்று கருதுவோரும் உண்டு. உங்களுக்குத் தயக்கம் இருந்தால் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முயலை முகம் இல்லாமலும் தைக்கலாம்.

ஒரு காது சொல்லித்தந்த பாடம்

பாடத்துக்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நமது தையல் வகுப்பில் ஒரு பெருநாளைக்கு ஏழைப் பிள்ளைகளுக்கென்று பொம்மைகள் தைத்தோம். நாள் நெருங்கிவிட்டது. எண்ணிக்கை குறையக் கூடாது என்று அவசரப்படுத்தியது நான்தான். பெருநாள் முடிந்த வாரத்தில் ஒரு தாய் வந்து, ஒரு முயலையும் தனியாக அதன் காதையும் மேசை மேல் வைத்தார். "இவன் வாயில் பஞ்சு இருந்ததும்மா. நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன்" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

தையலைப் பிரித்துப் பார்த்தேன். ஒற்றை நூலில், நீள நீளமாக ஓடுதையல் போட்டிருந்தது. வெளியே பார்க்க அழகான முயல்தான். தைத்த பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? உள்தையலைச் சரிபார்க்காமல் வாங்கி வைத்தது நான்.

நீங்களே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்ற அளவுக்கு மட்டமானதைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்த வசனத்தை அதற்கு முன்பு எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அன்றுதான் அது என் ஊசிக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்று உறைத்தது. அதனால் இந்தப் பாடத்தில் அழகைவிட உறுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தேவையானவை

- ஒன்றரை அடி சதுரத்தில் பருத்தித் துணி. பழைய சுடிதார், கைலி, பள்ளிச் சீருடை எதுவானாலும் சரி. கையால் இழுத்தால் கிழியாத துணியாக இருக்கட்டும். பனியன் துணி இழுபடும், பட்டும் சாட்டினும் வழுக்கும். முதல் பொம்மைக்கு இவை வேண்டாம்.
- பாலியஸ்டர் பஞ்சு, நான்கைந்து பிடி. தலையணைக் கடையில் கிடைக்கும். துவைத்தாலும் சீக்கிரம் காயும். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிக்கொள்ளும், அதன் தூசு சில பிள்ளைகளுக்கு இருமலைக் கிளப்பும். வெட்டுத்துணியை அடைத்தால் பொம்மை கனக்கும், உள்ளே ஈரம் தங்கி நாறும்.
- நடுத்தர ஊசி, துணியின் நிறத்தில் நூல், முகத்துக்குக் கொஞ்சம் எம்பிராய்டரி நூல்.
- குண்டூசி பத்து. எண்ணி எடுத்து வையுங்கள்.
- கத்தரிக்கோல், ஸ்கேல், பென்சில், பழைய காலண்டர் தாள்.

துணியை வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே நடந்து முடிந்துவிடும். பிள்ளை கட்டாயம் வாயில் வைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் ஒரு தையல்

முயலை எடுப்பதற்கு முன் ஒரு துண்டுத் துணியில் பின்தையலை மட்டும் பழகுங்கள். இந்தப் பொம்மை முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு முழ நீளத்துக்கு இரட்டை நூலாகக் கோத்து முடிச்சிடுங்கள். அதைவிட நீளமாக எடுத்தால் சிக்கும். ஊசியைத் துணியின் அடியிலிருந்து மேலே எடுங்கள். ஓர் எள்ளின் நீளம் பின்னால் தள்ளி உள்ளே குத்துங்கள். அடியிலேயே இரண்டு எள்ளின் நீளம் முன்னே போய் மேலே எடுங்கள். மறுபடி ஒரு எள் பின்னால், இரண்டு எள் முன்னால். மேல்பக்கத்தில் மிஷின் தையல் போலத் தொடர் கோடாகத் தெரியும்.

ஓடுதையலில் நூல் ஓரிடத்தில் அறுந்தால், இழுக்க இழுக்க வரிசையாகக் கழன்று வந்துவிடும். பின்தையலில் ஒவ்வொரு தையலும் முந்தையதைப் பிடித்துக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் சட்டென்று கழலாது. ஒரு சாண் நீளம் ஒரே அளவாகப் போட வந்ததும் முயலுக்குப் போகலாம்.

செய்முறை

1. மாதிரி வெட்டுதல். காலண்டர் தாளை நெடுக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்பின் மேல் 8 இஞ்ச் குறித்துக்கொள்ளுங்கள். கீழிருந்து 3 இஞ்ச் உயரத்தில், மடிப்பிலிருந்து 3 இஞ்ச் தள்ளி ஒரு புள்ளி. மேலிருந்து 2 இஞ்ச் இறங்கி, மடிப்பிலிருந்து 2 இஞ்ச் தள்ளி இன்னொரு புள்ளி. இவற்றை வளைவாக இணைத்து வெட்டி விரித்தால், கீழே அகன்ற முட்டை வடிவம் வரும். அதுதான் முயலின் தலையும் உடலும். மடித்து வெட்டியதால் இரு பக்கமும் சமமாக இருக்கும். காதுக்கு, நாலரை இஞ்ச் நீளமும் 2 இஞ்ச் அகலமும் கொண்ட இலை வடிவம். அதன் அடிப்பக்கம் நேராக இருக்கட்டும். தையலுக்கு விடும் கால் இஞ்ச் இந்த அளவுகளிலேயே அடக்கம்.

2. துணி வெட்டுதல். உடல் இரண்டு துண்டு, காது நான்கு துண்டு. துணியின் உள்பக்கத்தில் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள்.

3. முகம். இரண்டு துண்டையும் சேர்ப்பதற்கு முன்பே முகத்தைத் தைத்துவிடுங்கள். அப்போதுதான் முடிச்சுகள் உள்ளே மறையும். உறங்கும் கண்தான் மிகச் சுலபம்: பிறை போல வளைந்த கோடு இரண்டை எம்பிராய்டரி நூலில் பின்தையலாகப் போடுங்கள். மூக்குக்குச் சிறிய முக்கோணம் வரைந்து, அருகருகே நூலோட்டி நிரப்புங்கள். பட்டன், மணி, பாசி, ஒட்டும் கண் எதுவும் வேண்டாம். ஒன்றேகால் இஞ்ச் வட்டத்துக்குள் அடங்கும் எந்தச் சிறு பொருளும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடக் கூடும். உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயதாக இருக்கலாம். தம்பியோ தங்கையோ பொம்மையை எடுக்காமல் இருப்பார்களா?

4. காது. இரண்டிரண்டு துண்டுகளை, நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, அடிப்பக்கத்தை மட்டும் விட்டு, ஓரத்திலிருந்து கால் இஞ்ச் உள்ளே தையுங்கள். பென்சிலின் மழுங்கிய முனையால் புரட்டி எடுங்கள். காதுக்குள் பஞ்சு வேண்டாம். அடிப்பக்கத்தைப் பாதியாக மடித்து இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள்.

5. காதைப் பொருத்துதல். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. முகம் தைத்த துண்டை, முகம் மேலே தெரிய மேசையில் வையுங்கள். உச்சியின் நடுவிலிருந்து இருபுறமும் அரை இஞ்ச் தள்ளி, காதுகளைத் தலைகீழாக, முகத்தின் மேல் தொங்குவதுபோல் வையுங்கள். காதின் வெட்டு ஓரமும் உடலின் வெட்டு ஓரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்கத் தப்பாகத்தான் தெரியும். புரட்டியதும் காது நிமிர்ந்து நிற்கும். இப்போதைக்கு அதைச் சில தையலால் பிடித்துவையுங்கள்.

6. உடலைச் சேர்த்தல். மற்ற உடல் துண்டை, நல்ல பக்கம் கீழே பார்க்க, இதன் மேல் வைத்துக் குண்டூசி குத்துங்கள். பக்கவாட்டில் நான்கு விரல் அகலம் திறந்து விட்டு, மற்ற இடம் முழுவதும் கால் இஞ்ச் உள்ளே பின்தையல் போடுங்கள். தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று தையல். காது உள்ள பகுதியில், முதல் வரிசையை ஒட்டி இரண்டாவது வரிசையும் கட்டாயம் போடுங்கள். நான் சொன்ன அந்த முயலில் இருந்திருக்க வேண்டிய வரிசை இதுதான்.

7. குண்டூசிகளை எண்ணுங்கள். பத்து எடுத்தால் பத்தும் திரும்ப வர வேண்டும். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் காட்டிய பிறகே புது ஊசி கொடுப்பார்கள். நம் வீட்டிலும் அதே சட்டம் இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும் வரை பஞ்சு அடைக்கக் கூடாது.

8. புரட்டுதல். வளைவுகளில், தையலைத் தொடாமல், விளிம்பில் சிறு சிறு முக்கோண வெட்டு கொடுங்கள். இல்லாவிட்டால் புரட்டியபின் வளைவு சுருங்கி நிற்கும். திறந்த இடத்தின் வழியே மெல்லப் புரட்டுங்கள்.

9. பஞ்சு அடைத்தல். ஒரே பிடியாகத் திணித்தால் கட்டி கட்டியாக நிற்கும். நெல்லிக்காய் அளவு எடுத்து, விரலால் பிய்த்து உதறி, முதலில் தலைப் பக்கம், பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. அமுக்கினால் தானாக மீண்டு வரும் அளவு போதும்.

10. மூடுதல். திறந்த ஓரங்களைக் கால் இஞ்ச் உள்ளே மடியுங்கள். ஒரு பக்க மடிப்புக்குள் ஓர் எள்ளின் நீளம் ஊசியை ஓட்டி வெளியே எடுங்கள். நேர் எதிரே மற்றப் பக்க மடிப்பில் அதேபோல். ஏணிப்படி போல நூல் தெரியும். நான்கைந்து படிக்கு ஒருமுறை இழுத்தால் படிகள் உள்ளே மறைந்து வாய் மூடிக்கொள்ளும். கடைசியில் இரண்டு முடிச்சு போட்டு, ஊசியைப் பொம்மைக்குள் செலுத்தி வேறிடத்தில் எடுத்து, நூலை ஒட்ட வெட்டுங்கள்.

கொடுப்பதற்கு முன்

ஒரு கையில் உடலையும் மறு கையில் காதையும் பிடித்து, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும் பலத்தோடு இழுங்கள். "பாவம், பிய்ந்துவிடுமே" என்று இரக்கப்பட வேண்டாம். உங்கள் கையில் பிய்ந்தால் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். தையல் வரிசையை இருபுறமும் இழுத்து, இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பொம்மை முழுவதையும் அழுத்தித் தடவி, கூர்மையாக ஏதும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

கழுத்தில் ரிப்பனோ கயிறோ கட்டாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் எந்தப் பஞ்சுப் பொம்மையையும் வைக்காதீர்கள். மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருக்க, கையில் கொடுக்கலாம்.

கை பழகிய பிறகு

ஜெர்மனியின் கீங்கன் ஊரில் 1847-இல் பிறந்த மார்கரெட் ஸ்டீஃப் என்ற பெண்ணுக்குக் குழந்தைப் பருவத்திலேயே போலியோ வந்தது. கால்கள் செயலிழந்தன, வலது கையும் பலவீனமானது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தையல் கற்றார். 1880 வாக்கில், குண்டூசி குத்தி வைப்பதற்காகக் கம்பளித் துணியில் சிறு யானைகளைத் தைத்தார். அவற்றைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து உலகம் அறிந்த ஒரு பொம்மைத் தொழில் வளர்ந்தது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத சகோதரிகளும், உடல் குறையுள்ள சகோதரிகளும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்க நினைப்பவர்கள் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். ஆனால் ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்குத் தரப்படுவதுதான் 'பெஹ்சான்' கைவினைஞர் அட்டை. கடைக்குக் கொடுக்கத் தொடங்கும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். விலை வைக்கும்போது துணி, பஞ்சு விலையோடு உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். முத்திரையில் விலக்கு இருந்தாலும், காதை இழுத்துப் பார்ப்பதில் யாருக்கும் விலக்கு இல்லை.

உங்கள் முதல் முயல் ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காரும். ஒரு காது நீளமாகவும் இருக்கும். பிள்ளைகள் அதைக் குறையாக எண்ணுவதில்லை. உள்தையல் மட்டும் உறுதியாக இருக்கட்டும். வாங்குகிற தாய் அதைப் பார்க்க மாட்டாள், விளையாடுகிற பிள்ளையும் பார்க்காது. அல்லாஹ் பார்க்கிறான்.

இன்ஷா அல்லாஹ், தைத்து முடித்ததும் வகுப்புக்கு எடுத்து வாருங்கள். நானும் ஒருமுறை காதை இழுத்துப் பார்க்கிறேன்.