கேஸ் ஷீட்டில் என்ன எழுத வேண்டும்?

மனநலப் பிரிவில் மருத்துவராகவோ செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ புதிதாகச் சேருகிறீர்களா? முதலில் எழுதப் பழகுங்கள். மனச்சிதைவு நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அவற்றை எடுப்பது வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். நீங்கள் கேட்டு, கண்டு, எழுதிவைத்த பக்கங்களைக் கொண்டுதான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

"குரல் கேட்கிறதாம்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். நோயாளி சொன்னதை அப்படியே எழுதுங்கள்: "ரெண்டு பேரு பேசிக்கிறாங்க சார். எந்திரிச்சிட்டான் பாரு, தண்ணி குடிக்கிறான் பாருன்னு." குரல்கள் இரண்டு, அவை தமக்குள் பேசிக்கொள்கின்றன, அவர் செய்வதை உடனுக்குடன் சொல்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் கர்ட் ஷ்னைடர் மனச்சிதைவின் முதல்தர அறிகுறிகள் என்று குறித்தவற்றில் இவையும் உண்டு. வேறு மனநோய்களிலும் இவை வருவதால் இன்று இவற்றை மட்டும் வைத்து யாரும் தீர்மானிப்பதில்லை. ஆனால் "கேட்கிறதாம்" என்ற ஒற்றைச் சொல்லில் இத்தனை விவரமும் தொலைந்துவிடுகிறது.

அடுத்தது காலக்கணக்கு. 2013இல் வந்த அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5 ஐந்து அறிகுறிகளைச் சொல்கிறது: பிறழ் நம்பிக்கை, இல்லாததைக் கேட்பது அல்லது காண்பது, கோர்வையற்ற பேச்சு, தாறுமாறான நடத்தை, உணர்ச்சியும் ஊக்கமும் வற்றிப்போவது. இவற்றில் குறைந்தது இரண்டு, ஒரு மாத காலத்தில் கணிசமான நேரம் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றேனும் முதல் மூன்றுக்குள் வர வேண்டும். நோயின் தடயம் ஆறு மாதம் தொடர்ந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11க்கு ஒரு மாதம் போதும். எதைப் பின்பற்றினாலும், "கொஞ்ச நாளாவே இப்படித்தான்" என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "பொங்கலுக்கு எப்படி இருந்தான்? பள்ளிக்கூடம் திறந்தப்ப?" என்று அம்மாவிடம் கேளுங்கள். வேலையை விட்டது, குளிக்காமல் கிடந்தது, கூட்டாளிகளை ஒதுக்கியது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வீட்டார் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பார்கள். நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

யார் சொன்னது என்பதையும் பிரித்து எழுதுங்கள்: நோயாளி சொன்னது, உடன் வந்தவர் சொன்னது, நீங்கள் நேரில் கண்டது. கேட்டு "இல்லை" என்று வந்த பதிலையும் எழுத வேண்டும். கஞ்சா, மது, கடும் மனச்சோர்வு, அதீத உற்சாகம், தற்கொலை எண்ணம் பற்றிய இடம் வெறுமையாக இருந்தால், கேட்கவே இல்லையா என்று அடுத்த மருத்துவர் தடுமாறுவார். கோயிலில் சாமியாடுவதை ஊரே ஏற்றுக்கொண்டிருந்தால் அது அறிகுறி ஆகாது, அதையும் குறித்துவையுங்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு. ஆகவே "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதக் கை போனால், நடந்ததை எழுதுங்கள்: "மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்."