ஒளிப்படமும் இரைச்சலும்

நண்பகலில் எடுத்த ஒளிப்படம் தெளிவாக விளங்குகின்றது. அதே கேமராவால் இரவில் விளக்கொளியில் எடுத்த படமோ, மணல் தூவினாற்போலப் புள்ளிகள் நிறைந்து காணப்படுகின்றது. இப்புள்ளிகளின் தொகுதியை ‘இரைச்சல்’ என்று அறிஞர் கூறுவர். காதுக்குக் கேளாத இவ்விரைச்சல் எங்ஙனம் உண்டாகின்றது?

டிஜிட்டல் கேமராவில் படச்சுருள் இல்லை. அதனிடத்தில் ஒளியை மின்னாக மாற்றும் சில்லு ஒன்று அமைந்துள்ளது. அதற்கு ஒளியுணரி என்று பெயர். 1975-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர், கையில் எடுத்துச் செல்லத்தக்க டிஜிட்டல் கேமரா ஒன்றை முதன்முதலில் அமைத்தார். அதன் படத்தில் இருந்தவை 10,000 பிக்சல்களே. ஒரு படத்தை நாடாவில் பதிக்க 23 விநாடிகள் ஆயின. பின்னாளில் சட்டைப்பையில் அடங்கும் கேமராவிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிக்சல்கள் இடம்பெற்றன. ஆயினும், எண்ணிக்கை மிகுந்தால் படம் சிறக்கும் என்று எண்ணுதல் பிழையாகும்.

முற்றத்தில் ஒரே அளவுள்ள கிண்ணங்கள் பல வைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. சிறு தூறல் விழுந்து நின்றால், ஒன்றில் பத்துத் துளியும் மற்றொன்றில் ஆறு துளியும் இருக்கும். பெருமழை பெய்தாலோ, எல்லாக் கிண்ணங்களும் ஏறக்குறைய ஒரே அளவு நீரைப் பெறும். ஒளியும் துகள் துகளாகவே வருகின்றது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழுந்தால், ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 10 ஆகும். அஃதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100. அது நூற்றுக்கு ஒன்றே. ஆதலின், ஒளி குறையுந்தோறும் இரைச்சல் மேலோங்கித் தோன்றுகின்றது. ஒளியுணரியின் மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைச் சேர்க்கின்றது.

வாய் அகன்ற பாத்திரம் மிகுந்த மழைநீரைக் கொள்ளும். பெரிய கேமரா சிலவற்றின் ஒளியுணரி 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. சிறிய கேமரா பலவற்றிலோ அகலம் 6 மில்லிமீட்டர் அளவே. பரப்பு முப்பதில் ஒரு பங்கு அளவே. அச்சிறு பரப்பில் கோடிக்கணக்கான பிக்சல்களை நெருக்கினால், ஒவ்வொன்றும் பெறும் ஒளி மிகக் குறைவாகும். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் புதிய ஒளி வந்துவிடாது. பெற்ற குறியீடு பெருக்கப்படும். அதனுடன் இரைச்சலும் பெருகித் தோன்றும்.

இக்குறையை மறைக்கக் கேமராவினுள்ளேயே ஒரு செயல்முறை உண்டு. அது அண்டைப் புள்ளிகளை ஒப்பிட்டு வேறுபாடுகளை மழுக்குகின்றது. இரைச்சல் அடங்குகின்றது; ஆனால் நுண்ணிய விவரங்களும் அதனுடன் மறைகின்றன. மூதாட்டி ஒருத்தியை அவள் பேரன் விளக்கொளியில் படம் எடுக்கிறான். படத்தில் நரைமயிர் ஒரே பட்டையாகின்றது. முகத்தின் சுருக்கங்கள் அழிந்து, மெழுகுப் பொம்மை போன்ற முகம் எஞ்சுகின்றது. அவள் மறைந்தபின் அப்படமே குடும்பத்தின் நினைவாக நிற்கும். அழிந்த வரிகளை அதிலிருந்து எவராலும் மீட்டல் இயலாது.

எனவே, இரு கேமராக்களை ஒப்பிடுவோர் ஒரே காட்சியை, ஒரே ஒளியில், ஒரே ஐ.எஸ்.ஓ. எண்ணில் எடுத்தல் வேண்டும். படங்களை ஒரே அளவில் அச்சிட்டு அருகருகே வைத்தல் வேண்டும். முதலில் நிழற்பகுதிகளில் இரைச்சலை நோக்குக. பின்னர் மயிரிழை, இலை நரம்பு, துணியின் நெசவு ஆகியவற்றை நோக்குக. புள்ளியின்மை ஒன்றையே கண்டு மகிழ்வோர் ஏமாறுவர். சிறிது இரைச்சல் இருப்பினும், உள்ளதை உள்ளவாறு காட்டும் படமே நற்படம். வழவழப்பான பொய்யினும் சொரசொரப்பான மெய் மேலன்றோ?