வடை சுட்ட எண்ணெயில் விமானமா?

கேள்வி: வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயில் விமானம் ஓட்டலாமாமே, நிஜமா? அதுதான் பயோடீசலா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: நிஜம்தான், ஆனால் பயோடீசல் வேறு. அது மெத்தனால் சேர்த்துச் செய்வது. குளிரில் தேங்காய் எண்ணெய் போலக் கட்டிக்கொள்ளும், உயரத்தில் உதவாது. விமானத்துக்கு எண்ணெயிலுள்ள ஆக்சிஜனையே கழற்ற வேண்டும். 300 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், பலத்த அழுத்தத்தில், நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனோடு செலுத்தினால் ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் போய்விடும். மிஞ்சுவது டீசல். அதன் நீண்ட மூலக்கூறுகளை இன்னொரு வினையூக்கி நறுக்கி, கிளைவிடச் செய்தால் மைனஸ் 47 டிகிரியிலும் உறையாத விமான எரிபொருள் ரெடி!

டேராடூன் இந்திய பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயில் இதைச் செய்தது. 2018 ஆகஸ்ட் 27-ல் ஸ்பைஸ்ஜெட் விமானம் அதை 25 சதவீதம் கலந்து டெல்லிக்குப் பறந்தது.

உங்கள் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டிஎம்வி ரகக் கடலையை இதற்கு ஆட்டுவது வீண், விலை கட்டாது. விழுப்புரம் வரை நெடுஞ்சாலை ஓட்டல்களில் மிஞ்சும் பழைய எண்ணெய்தான் சரியான சரக்கு. ஓட்டல்காரர்களே, அதைத் தள்ளுவண்டிக்கு விற்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறை அங்கீகரித்த சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.