83 வாக்குகளை எப்படி வாசிப்பது?

கட்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

2026 ஜனவரி 12 அன்று நம் விழிஞ்ஞம் வார்டில் வாக்குப்பதிவு நடந்தது. திருவனந்தபுரம் மாநகராட்சியின் மற்ற 100 வார்டுகளுக்கும் டிசம்பரிலேயே தேர்தல் முடிந்திருந்தது. வேட்பாளர் ஒருவர் இறந்துபோனதால் இங்கே மட்டும் தள்ளிவைத்தார்கள். எண்ணிப் பார்த்தபோது காங்கிரஸ் 2,902, மார்க்சிஸ்ட் 2,819, பாஜக 2,437. இடதுசாரிகளிடமிருந்த வார்டு 83 வாக்கில் கைமாறியது. இப்படி ஒரு முடிவு வந்ததுமே கட்சியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். பேசுவதற்கு முன் இவற்றைப் படியுங்கள்.

1. கொடி பிடிப்பதற்கு முன் கணக்கைப் பிடியுங்கள். எந்த பூத்தில் கூடியது, எந்த பூத்தில் குறைந்தது என்று உட்கார்ந்து எழுதுங்கள். இங்கே காங்கிரஸ், மார்க்சிஸ்ட் தலைமையிலான இரு முன்னணிகளிலிருந்தும் அதிருப்தி வேட்பாளர்கள் நின்றார்கள். அவர்கள் வாங்கிய வாக்குகளைக் கூட்டினால் 83ஐ எளிதாகத் தாண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் "மக்கள் மனம் மாறிவிட்டது" என்று சொல்லாதீர்கள். சொந்த வீட்டுச் சண்டையை மக்கள் தீர்ப்பு என்று பெயர் மாற்றும் கட்சி, அடுத்த தேர்தலிலும் அதே சண்டையோடுதான் நிற்கும்.

2. பழைய எண்ணோடு ஒப்பிடும்போது எல்லையைப் பாருங்கள். இந்தத் தேர்தலுக்கு முன் வார்டுகளைத் திருத்தி வரைந்து, 100ஐ 101 ஆக்கினார்கள். பெயர் அதேதான், தெருக்கள் அதே அல்ல.

3. நாட்காட்டியைப் பாருங்கள். கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றத் தேர்தலுக்கும் நடுவே ஆறு மாதம் அளவுதான் இடைவெளி. 2010இல் உள்ளாட்சியில் முந்திய, காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணி 2011இல் 72 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. 2015இல் முந்திய, மார்க்சிஸ்ட் தலைமையிலான இடது முன்னணி 2016இல் 91 வென்றது. 2020இலும் முந்திய அதே முன்னணிக்கு 2021இல் 99. அதே மனநிலை, அதே ஊழியர்கள், அதே பூத் கமிட்டி. அதனால்தான் இங்கே உள்ளாட்சி முடிவுக்கு இவ்வளவு எடை. ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010 முதல் 2021 வரை மூன்று முறை நடந்தது, அவ்வளவுதான்.

4. பெரிய வெற்றிதான் கட்சியை அதிகம் ஏமாற்றும். 2019 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளில் 19ஐ ஐக்கிய முன்னணி எடுத்தது. நான்கே மாதத்தில், 1965 முதல் கேரள காங்கிரஸின் கே.எம். மாணி கைவிடாமல் வைத்திருந்த பாலா, இடைத்தேர்தலில் போனது. அடுத்த மாதம் கோந்நியும், நம் நகரத்து வட்டியூர்க்காவும் போயின. அரூர் மட்டும் இடதுசாரிகளிடமிருந்து காங்கிரசுக்கு வந்தது. வட்டியூர்க்காவில் வென்றவர் அப்போதைய மேயர் வி.கே. பிரசாந்த். அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் மலபாருக்கு லாரி லாரியாக நிவாரணப் பொருள் அனுப்பியவர் என்று வீட்டுக்கு வீடு அவரைத் தெரிந்திருந்தது. ராகுல் காந்தி வயநாட்டில் நின்றதால் வந்த வாக்கு வேறு, எம்.எல்.ஏ.வுக்கு விழும் வாக்கு வேறு என்று அந்த மூன்று தொகுதிகளும் சொல்லிவிட்டன. கேட்டுத் திருந்த ஒன்றரை ஆண்டு அவகாசம் இருந்தது. கேட்டிருந்தால் 2021 இப்படி முடிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அந்த முறை இந்த மாவட்டத்தின் 14 தொகுதிகளில் ஐக்கிய முன்னணிக்கு மிஞ்சியது நம் கோவளம் ஒன்றுதான்.

5. ஆளுங்கட்சி ஜெயிக்கும் இடைத்தேர்தலை நம்பாதீர்கள். 2009 ஜனவரியில் தமிழ்நாட்டின் திருமங்கலத்தில் ஆளும் திமுக 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. வாக்குக்குப் பணம் என்ற குற்றச்சாட்டோடு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஊரெல்லாம் பேச்சு. 2011இல் அதே கட்சிக்குக் கிடைத்தது 23 இடங்கள். மொத்த மந்திரிசபையும் ஒரு தொகுதியில் இறங்கி வேலை செய்யலாம். 234இலும் அப்படி இறங்க முடியாது.

6. தனியொருவர் மீதான அனுதாபத்தைக் கட்சி என்று எண்ணாதீர்கள். சென்னை ஆர்.கே. நகரில் 2017 இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் 40,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். பிறகு அவர் தொடங்கிய அமமுகவுக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூட வரவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம் திண்டுக்கல் இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் தொடங்கிய அதிமுக, 1973 மே மாத இடைத்தேர்தலில் அங்கே மாயத்தேவரை மக்களவைக்கு அனுப்பியது. ஆளும் திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. 1977இல் எம்.ஜி.ஆர். முதல்வர். அவர் முகம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. அதற்கு முன்பே ஊர் ஊராக ரசிகர் மன்றங்கள் இருந்தன. கட்சி தொடங்கியதும் அவையே கிளைகளாயின. ஒரு வெற்றிக்குப் பின்னால் எத்தனை கிளைகள் நிற்கின்றன என்று எண்ணினால், அது எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்.

7. வளராமல் நிற்பதுபோல் தெரியும் கட்சியையும் கவனியுங்கள். நம் மாநகராட்சியில் பாஜகவுக்கு 2010இல் 6 வார்டு, 2015இல் 35, 2020இலும் ஏறத்தாழ அதே அளவு. வளர்ச்சி முடிந்துவிட்டது என்று பலர் கணித்தார்கள். 2025 டிசம்பரில் 50 வார்டு வந்து, வி.வி. ராஜேஷ் மேயரானார். நடுவில், 2021இல், சட்டமன்றத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே இடமான நேமமும் போயிருந்தது. தோற்ற ஆண்டிலும் வார்டு வேலையை அவர்கள் விடவில்லை. கொள்கையில் எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. இருந்தாலும் இந்தப் பாடத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

8. விழிஞ்ஞம் துறைமுகத்தை வைத்து எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லாதீர்கள். ஒப்பந்தம் 2015இல் காங்கிரஸ் முதல்வர் உம்மன் சாண்டி காலத்தில் போட்டது. பணி மார்க்சிஸ்ட் முதல்வர் பினராயி விஜயன் காலத்தில் நடந்தது. 2025 மே 2இல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். மூன்று பேரும் உரிமை கொண்டாடலாம். 2022இல் துறைமுகத்தை எதிர்த்து நூறு நாளுக்கு மேல் நடந்த மீனவர் போராட்டத்தின் வலி கடற்கரையில் இன்னும் ஆறவில்லை. மூன்று கட்சிகளும் தலா இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கிய இந்த வார்டு, மூவரில் யாருக்கும் முழு நன்றியும் சொல்லவில்லை, முழுக் கோபமும் காட்டவில்லை. அரிக்கும் கரை, மண் அடைந்த படகுத்துறை, வீடு இழந்தவர்களின் வாடகை, துறைமுகத்தில் வேலை என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டால்தான் அந்த வாக்கின் காரணம் கிடைக்கும்.

9. தோற்ற வேட்பாளரை வீட்டில் உட்கார விடாதீர்கள். 2,819 பேர் ஒருவருக்கு வாக்களித்தார்கள், 2,437 பேர் இன்னொருவருக்கு. அவர்களுக்கும் ரேஷன் கார்டில் பிழை வரும், குழாயில் தண்ணீர் நிற்கும். முடிவு வந்த வாரமே பூத் வாரியான தாளை எடுத்துக்கொண்டு, வாக்கு குறைந்த தெருவிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், இரண்டு பேர் போதும். சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு கொண்டு போங்கள்.