வாராக் கடனும் வருஷ முடிவுக் கணக்கும்

விதை நெல்லும் வைக்கோலும் கடனுக்கு விற்கும் மிராசுதார்களிற் சிலர், மார்ச்சு 31-ல் கணக்கு முடிக்கையில், பேரேட்டிலுள்ள பாக்கி முழுவதையும் ஆஸ்தியாகக் காட்டிவிடுகின்றனர். வராத பணமும் லாபமாகத் தோன்ற, அதை நம்பிச் செலவும் ஏறுகின்றது.

உதாரணமாக, ஒருவருக்கு வரவேண்டியது ரூ. 1,200 என்க. இதில் ரூ. 150 சொத்தொன்றுமின்றி ஊரைவிட்டுச் சென்றவருடைய பாக்கி. அதனை அவர் பேரில் வரவு வைத்து, வாராக் கடன் கணக்கில் பற்றெழுதி, நஷ்டத்திற் சேர்த்தல் வேண்டும். வேறு ரூ. 250 சந்தேகமானது, அதிற் பாதியாகிய ரூ. 125-ஐ நஷ்டத்திற்கு ஈடாக ஒதுக்கலாம். ஆனால் கடன் பெற்றவர் பேரிலுள்ள பற்றைக் குறைக்கலாகாது. எஞ்சிய ரூ. 925 மட்டுமே ஆஸ்தியாகும்.

தள்ளி எழுதுவது கடனை மன்னிப்பதன்று. பின்னர் வசூலாயின் அவ்வருஷத்து வரவாகும். தவணை குறியாது விற்ற சரக்கின் விலைக்கு, ஒப்படைத்த நாள் முதல் 3 வருஷத்திற்குள் வழக்கிடல் வேண்டுமென்பது 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம். உறவினராயிற்றே என்று கூசாமல், அக்கெடுவிற்குள் பாக்கியை ஒப்புக்கொள்ளும் எழுத்தும் கையொப்பமும் பெற்றால், அன்று முதல் கெடு புதிதாகத் தொடங்கும். கெடு கடந்தபின் பெறும் ஒப்புதலுக்கு இப்பலன் இல்லை.